மலை நெருப்பை அப்பா கீழே இருந்து பார்த்த நாள்

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி, விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்புக்கு வந்த பிறகு எனக்கு அது முதல் கார்த்திகை. பிறந்த ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே, பெருமுக்கல் மலையடிவாரம். விழுப்புரம் ஒன்றும் சீமை இல்லை. ரயிலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் திண்டிவனம் வந்துவிடும். ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் எதிரே மலை இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இன்ஜின்களும் கரிப்புகையும்தான் தெரியும். மழை விட்டதும் கருகருவென்று பளபளக்கும் அந்தப் பாறைகளையும், ஏரி நிரம்பினால் வந்து இறங்கும் நாரைகளையும் நினைத்து அடுப்படியில் நின்று அழுவேன். வீட்டுக்காரர் கேட்டால் விறகு ஈரம் என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகையன்று மலையுச்சியில் தீபம் தெரிகிறவரை கீழே ஒரு வீட்டிலும் விளக்கேற்ற மாட்டார்கள். வீட்டுக்கு வீடு பழைய வேட்டி வாங்கித் திரியாக முறுக்கி, எண்ணெயோடு மேலே தூக்கிக்கொண்டு போய் அந்தத் தீபத்தை ஏற்றுகிறவர் என் அப்பா. வாலிப வயதிலிருந்து அவர் வேலை அது. வேறு யாரையும் அந்தத் திரியைத் தொட விடமாட்டார்.

அந்த வருஷம் பண்டிகை நெருங்கும்போது சந்தைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். “உங்கப்பா மாருல சளி கட்டிப் படுத்துக்கினு இருக்காரும்மா. ஜல்தியா ஒரு நட வந்து பாத்துட்டுப் போ” என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்துக் கிளம்பும்போது கார்த்திகை நாளே வந்துவிட்டது.

வழியெல்லாம் மழை. ஊர்ந்து ஊர்ந்து போன ரயில், திண்டிவனத்துக்கு முன்னால் சிக்னல் விழாமல் நின்றுவிட்டது. மழை விட்டு இருட்டத் தொடங்கியிருந்தது. எங்களுக்குக் கிடைத்த இடமோ மேற்குப் பக்கம். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு, எதிர் ஜன்னலில் இருந்த கோட்டக்குப்பத்து முஸ்லிம் அம்மா ஒருவர் என்னவென்று கேட்டார். சொன்னேன். தீபம் தெரிந்தால் அப்பா எழுந்து நடமாடுகிறார் என்று அர்த்தம். தெரியாவிட்டால் என்ன என்பதை என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் மடியில் தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “இப்டி வந்து குந்தும்மா. உன் மல இந்தப் பக்கந்தானே?”

கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிழக்கே ஒரே மேகம். மலை இருக்கிற இடமே தெரியவில்லை. வெகுநேரம் கழித்து மேகம் கொஞ்சம் விலகியது. உச்சியில் ஒரு சிவப்புப் பொட்டு.

“எங்கப்பா ஏத்தினது! எழுந்துட்டாரு!” என்று பெட்டி முழுக்கக் கேட்கக் கத்திவிட்டேன். வீட்டுக்காரர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா என் முதுகைத் தடவி, “பாத்தியா, அல்லா கைவிடல” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். வாசல் முழுக்க அகல் விளக்கு. நடுவே கயிற்றுக் கட்டிலில், கம்பளிக்குள் அப்பா.

மலைக்குப் போனது அண்ணன். அப்பா கையைக் காட்டி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கண்ணை மட்டும் மலையிலிருந்து எடுக்கவில்லை.

“நெருப்பாண்ட நின்னுக்கினு எண்ண ஊத்தறவனுக்கு இன்னாம்மா தெரியும்? கண்ணெல்லாம் பொகதான். கீழருந்து பாத்தா இம்மா அழகா இருக்கும்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலியே!”

நான் பிறந்ததிலிருந்து கீழே நின்று பார்த்தவள். அவரிடம் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றியதே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நெருப்பு அடங்குகிறவரை இருவரும் பார்த்தோம்.

அடுத்த கார்த்திகைக்கு அப்பா இல்லை. வீட்டுக்காரருக்கு மாற்றல் மேல் மாற்றல் வந்து, மலையே கண்ணில் படாத ஊர்களில் என் காலம் போய்விட்டது. விலகி வந்த பிறகுதான் அப்பாவைப் போல நானும் அந்த மலையை முழுதாகப் பார்த்தேன் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு மலை எதிரிலேயே இருந்தது. நான் ஒவ்வொரு கார்த்திகைக்கும் கையில் தீப்பெட்டியோடு வாசலில் நின்று, தெரியாத நெருப்பைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டுதான் முதல் விளக்கை ஏற்றுகிறேன்.