தவசிக்கு வந்த இரண்டு பதில்கள்

தவசிக்கு ஆண்கள்மேல்தான் நாட்டம். கல்யாணத்துக்கு முன்னாலும் அப்படித்தான், அன்னக்கொடியைக் கட்டிப் பதினைந்து வருடம் ஆன பின்னும் அப்படித்தான். இது மதுரையில் சிலருக்குத் தெரியும். திருமங்கலத்தில் அவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைப்பக்கம் ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு கவனமான ஆள்.

2006இல் மதுரையில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. அவரைப் போன்ற ஆண்களிடம் உடலுறவால் தொற்றும் பாப்பிலோமா வைரஸ் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, இரண்டு பரிசோதனைகளில் எது மேல் என்று பார்த்தார்கள். சிநேகிதர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆசனவாயில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, அதையே இரண்டு விதமாகச் சோதித்தார்கள். பிறகொரு நாள் முடிவு கேட்கப் போனார்.

"ஒரு டெஸ்ட்டுல இருக்குன்னு வருது, இன்னொன்னுல இல்லைன்னு வருது" என்றார் டாக்டர் பத்மாசினி.

"அதெப்படிம்மா? லைட்டு எரிஞ்சா கரண்டு இருக்கு, எரியலைன்னா இல்ல."

"ஒன்னு கொஞ்சூண்டு இருந்தாலும் காட்டும். இன்னொன்னு நெறைய இருந்தாத்தான் காட்டும். உங்களுக்குத் தானாவே போயிரலாம், பயப்படாதீங்க. ஆனா பொம்பளைங்களுக்கு இது கர்ப்பப்பை வாயில கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க."

இரண்டு முடிவும் முரண்பட்டதால் ஆராய்ச்சிக்கு அவர் நல்ல கேஸ். அவருக்குத்தான் எந்தப் பதிலை நம்புவது என்று தெரியவில்லை.

இல்லை என்ற பதிலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார். அதை நம்பினால் வீட்டில் வாயைத் திறக்க வேண்டியதில்லை, ரொம்ப வசதி. ஆனால் அன்னக்கொடி இடுப்பு வலிக்கிறது என்று சொன்ன அன்று அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. பாதியை மட்டும் சொன்னார்: தனக்கு ஒரு கிருமி இருக்கலாம், அது அவளுக்குக் கர்ப்பப்பையில் கெடுதல் பண்ணும், ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

அன்னக்கொடி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"போன வருசம் கேம்ப்புல எனக்கு அங்கதான் புண்ணு, ஒரு கிருமியால வந்ததுன்னாங்க. போயி சரி பண்ணிக்கிட்டேன். கெட்டு அலையிறவளுக்குத்தான் அந்தக் கிருமி வரும்னு கூட உக்காந்திருந்த பொம்பளைக பேசிக்கிட்டாக. நான் ஒரு தப்பும் பண்ணலைங்க. சொன்னா நம்புவீகளோ என்னவோன்னு பயந்து மறச்சுட்டேன்." அழுதாள். "இப்ப உங்களுக்கும் ஒட்ட வச்சுட்டேனா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், காலத்துக்கும் தப்பித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே தவசிக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"உன்னால இல்ல, அன்னக்கொடி. எங்கிட்ட இருந்துதான் உனக்கு வந்திருக்கும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் இத்தனை வருடமும் பயந்திருந்தார். மிச்சப் பாதியையும் சொன்னார்.