எரிகோ மதிலும் எங்கள் மாப்பிள்ளையின் காதும்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கு இந்த ஊரில் பாதி வீட்டு ஜன்னல் கம்பி என் பட்டறையில் வளைந்ததுதான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்படிப்பட்ட நானே கணக்குத் தப்பி விழித்த இடம் ஒன்று உண்டு. பாட்டு மேடை. என் தங்கை புருஷனால் வந்த வினை. அவரே "எழுதுங்க மச்சான், இனிமே என்ன" என்று சொன்னதால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை முப்பத்தோரு வருஷம் பாய்லர் பட்டறையில் இருந்தவர். வெளியே இருப்பவன் சம்மட்டியால் ஆணியை அறைவான். உள்ளே இருட்டில் குந்தியிருந்து அதைத் தாங்கிப் பிடிப்பது இவர் வேலை. அதில் காது போயிற்று, கறையான் அரிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கூப்பிட்டால் திரும்பாத புருஷன் எல்லா வீட்டிலும் உண்டு என்று தங்கை விட்டுவிட்டாள்.

டீச்சர் ஒருவர் நடத்தும் எங்கள் பாட்டுக் குழுதான் அவருக்கு உயிர். "தெரிஞ்சா டீச்சர் அனுப்பிடுவாங்க மச்சான். அப்புறம் நான் வெறும் இரும்பு."

அந்த வருஷம் டீச்சர் எடுத்தது எரிகோ கதை. ஓரட்டோரியோ என்பார்கள். வேஷம், நடிப்பு எதுவும் கிடையாது, வேதக் கதை முழுக்கப் பாட்டிலேயே நடக்கும். ஐரோப்பாவில் பரோக் காலம் என்பார்களே, அந்தக் காலத்துச் சரக்கு, முந்நூறு வருஷப் பழசு. எரிகோ மதிலைச் சுற்றி வரும் ஜனங்கள், தலைவர் யோசுவா சொல்லும்வரை மூச்சு விடக் கூடாது; சொன்னதும் ஆர்ப்பரித்தால் மதில் விழும். பாட்டிலும் அப்படியே. எக்காளங்கள் நின்றுவிடும். முரசு மட்டும், பஞ்சில் விழுந்த மாதிரி, தன் இஷ்டத்துக்கு இடைவெளி விட்டு ஏழு அடி. ஏழாவது விழுந்ததும் கட்டைக் குரல்காரர்கள் ஆர்ப்பரிக்க வேண்டும். முன்வரிசையில் நானும் மாப்பிள்ளையும்தான். மற்றவர்கள் எங்களைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். டீச்சர் பழைய வழக்கப்படி தானும் ஒரு வாத்தியம் வாசித்துக்கொண்டே நடத்துவார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும், சைகை கிடைக்காது.

"முந்திக் கத்தினவங்க அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லியிருந்தார்.

முரசு மாப்பிள்ளைக்குக் கேட்காது. ஏழாவது அடிக்கு நான் முழங்கையால் இடிப்பதாக ஏற்பாடு.

"தப்பா இடிச்சிட மாட்டீங்களே?"

"யோவ், என்னை யாருன்னு நினைச்சே? கம்பி எண்ணியே பிழைச்சவன்யா நான்."

"மெதுவாப் பேசுங்க மச்சான். கம்பி எண்ணினவன்னா வேற அர்த்தம்."

நிகழ்ச்சி அன்று அரங்கம் நிறைந்திருந்தது. எக்காளம் நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் யாரோ பாவி தொம்மென்று இருமினான். அது இருமலா, முரசா? இப்போது விழுந்தது நாலா, ஐந்தா? இடித்தால் மாப்பிள்ளை போச்சு, இடிக்காவிட்டாலும் போச்சு. இன்னொரு அடி விழுந்தது. ஆறா, ஏழா? என் முழங்கை தானாக எழும்பியது.

அதை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. மாப்பிள்ளை கை. குனிந்தேன். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு மரப்பலகையில் வெறுங்காலோடு நிற்கிறார்.

ஒரு யுகம் போயிற்று. அவர் மூச்சு இழுத்தார். நானும் இழுத்தேன். ஆர்ப்பரித்தோம். அத்தனை எக்காளமும் எங்கள்மேல் வந்து விழுந்தது. மதில் சரிந்தது.

இறங்கியதும் கேட்டேன், "எப்படிய்யா?"

"பாய்லருக்குள்ள காதால யார் கேட்டா? அதிர்வைப் பிடிக்கிறது காலும் முதுகும்தான். ஒத்திகை நடந்தது சிமெண்ட் தரை. இங்க பலகைன்னு ஏறினதும்தான் தெரிஞ்சுது."

"அப்ப என் முழங்கை எதுக்கு?"

"பயத்துக்கு."

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். "இருமல்ல எல்லாரும் தடுமாறிட்டாங்க, நானே தடுமாறினேன். யார் எண்ணினது?"

மாப்பிள்ளை என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் காதையும் சொல்ல வேண்டும்.

"நான்தான் டீச்சர்" என்றேன். "கணக்குல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

நான் இதுவரை அடித்த பெருமையெல்லாம் உண்மை. அது ஒன்றுதான் பொய். அதைச் சொல்லும்போதுதான் குரல் நடுங்கியது.