பட்டைச் சுருளின் ஓரத்தில் ஒரு வட்டம்

பென்சிலால் போட்ட வட்டம் அது. எட்டணாக் காசு அளவுகூட இருக்காது. மூன்று வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுத்தம் செய்து, வேலூர் வரை போய்ப் பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டு வந்த படம். அதன் வலது ஓரத்தில் யாரோ கை வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முனைவர் பட்டத்தை எட்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தவள் நான். 'இன்னும் முடியலையா' என்று கேட்பதைக்கூட வீட்டில் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கும் ஒரு கல்லூரியில் அப்போது இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் ஆய்வு ஒரு பட்டைச் சுருள் விண்மீன் மண்டலத்தைப் பற்றியது. நம்முடைய பால்வீதியும் இந்த ரகம்தான். நடுவில் நேராக ஒரு பட்டை, பெரும்பாலும் வயதான நட்சத்திரங்களால் ஆனது. பட்டையின் இரண்டு முனையிலிருந்தும் கிளம்பி வளைந்து போகும் இரண்டு கைகள். வாயுவும் தூசியும் பட்டை வழியாக மையத்தை நோக்கி வழிந்து, அங்கே புது நட்சத்திரங்கள் பிறக்கும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கும் படங்களை எடுத்து அளந்துகொண்டிருந்தேன். வானம் வெள்ளையாகவும் நட்சத்திரம் கறுப்பாகவும் தெரிகிற மாதிரி மாற்றித்தான் அச்சடிப்போம், மங்கலானவை அப்போதுதான் கண்ணுக்குத் தட்டுப்படும். எல்லாம் சரி, ஆனால் நான் எழுதியதில் புதுசாக ஒன்றுமே இல்லை. என் வழிகாட்டி அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "ஏதாவது ஒண்ணு புதுசா காட்டும்மா, இல்லன்னா தேறாது."

வட்டம் போட்டவர் எங்கள் ஆய்வக அட்டெண்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். டேனரியில் பதினெட்டு வருடம் 'செலக்‌ஷன்' வேலை பார்த்தவர். பதனிட்ட தோலை வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, தரம் பிரிக்கிற வேலை அது. ரசாயன நெடியில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டுக் கல்லூரிக்குத் தற்காலிக ஆளாக வந்திருந்தார். மேசையைத் துடைக்கும்போது என் படத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஜன்னலோரம் கொண்டுபோய், சாய்த்துப் பிடித்து, தடவியும் பார்த்திருக்கிறார்.

பிள்ளைகள் எதிரிலேயே அவரைத் திட்டினேன். "இது இன்னா உங்க டேனரியா? கண்ட இடத்துல கிறுக்கறதுக்கு?" என்று கேட்டேன். ஆத்திரம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கை தன்னால போட்டுடுச்சு மேடம். எங்க வேலைல சந்தேகம் வந்தா நாங்க முடிவு சொல்லக் கூடாது. வட்டம் போட்டு வெச்சுட்டு அடுத்த தோலுக்குப் போய்டணும். பெரியவர் வந்து பார்ப்பார்."

"அங்க பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்து நட்சத்திரத்தோட வெளிச்சம் சிதறி வுழுந்த கறை அது."

"இல்ல மேடம், கறைன்னா அதுபாட்டுக்கு வுழும். தோல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்காது. இந்தக் கை எப்படி வளையுதோ அதுக்கு ஏத்த மாதிரி இதுவும் வளையுது. வெளியில இருந்து வந்தது மாதிரி தெரியல."

போய் வேலையைப் பாருங்க என்றேன். ரப்பர் எடுத்து வட்டத்தை அழித்தேன். அந்த மங்கலைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பாதி அழித்திருந்தேன், மீதியையும் அழிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் சொன்னது காதில் ஈயைப் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. சனியனே என்று, அதே இடத்தை வேறு தொலைநோக்கிகள் அதிக நேரம் எடுத்த படங்களையும் இறக்கிப் பார்த்தேன். நட்சத்திரச் சிதறல் என்றால் ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு மாதிரி விழ வேண்டும். இது எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் இருந்தது. ஒரு குட்டி விண்மீன் மண்டலம் அது. பெரியதன் ஈர்ப்பில் மாட்டி, கிழிபட்டு, நூலாக நீண்டு, பெரியதன் ஒரு கையையும் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டிருந்தது. அந்தக் கை மட்டும் ஏன் கோணலாக இருக்கிறது என்று நான் ஒரு அத்தியாயம் முழுக்கத் திணறியிருந்தேன். காரணம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

வழிகாட்டி போனிலேயே சிரித்தார். "எப்படிம்மா கண்ணுல பட்டுச்சு?"

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டு இருந்தேன் சார், திடீர்னு தெரிஞ்சது" என்றேன். வாய் கூசவில்லை. ஆய்வேட்டில் நன்றி சொன்ன பக்கத்தில் பதினான்கு பேர் இருக்கிறார்கள், என் மாமியார் உட்பட. வட்டம் போட்ட அண்ணன் இல்லை. அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் போல மேசை துடைத்தார், என் படங்கள் இருந்த பக்கம் மட்டும் போகவே மாட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல்வர் என்னைக் கூப்பிட்டார். தற்காலிக அட்டெண்டர்கள் இரண்டு பேர், நிரந்தர இடம் ஒன்று. "ரெண்டு பேரும் பெருக்கறாங்க, துடைக்கறாங்க. உங்க ஆளால டிபார்ட்மெண்டுக்கு வேற என்ன பிரயோஜனம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம், நான் எழுதிக்கறேன்." பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சொல்லியிருந்தால் எந்தப் படம், எந்த இடம் என்று கேட்பார். பேச்சு வழிகாட்டி வரைக்கும் போகும்.

"குறிப்பா ஒண்ணும் இல்ல சார். நல்ல மனுஷன்" என்றேன்.

இடம் இன்னொருவருக்குப் போனது. மாதக் கடைசியில் அண்ணன் ஆய்வகச் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் என் பெயருக்கு முன்னால் முனைவர் வந்தது. பாராட்டு விழாவில் சால்வை போர்த்தினார்கள், ரொம்பப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவர் நினைவே வரவில்லை. பிறகுதான் வந்தது. வந்தது போகவே இல்லை. ஒவ்வொரு வருடமும் பாடத்தில் அந்தப் படத்தைக் காட்டும்போது, இதை முதலில் பார்த்தது யார் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன வருடம் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு அடுக்குமாடிக்கு, கூட வேலை பார்ப்பவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போனேன். வாசலில் காவலாளி உடுப்பில் அண்ணன். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். அவர்தான் முதலில் எழுந்து வந்தார். சொல்ல வேண்டியதை எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அண்ணே, நீங்க பார்த்தது கறை இல்ல. அவ்வளவுதான். வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு மேடம். அந்தப் படத்துல கிறுக்கி உங்கள ஜாஸ்தி பேஜார் பண்ணிட்டேன். அதனாலதான் வேலை போச்சுன்னு எனக்குத் தெரியும். தப்பு என் பேர்லதான். தெரியாத விஷயத்துல கை வெச்சிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதீங்க."

பின்னாலிருந்து ஒரு கார் ஹாரன் அடித்தது. என்னோடு வந்தவர்கள் லிஃப்ட் பக்கத்தில் நின்று கூப்பிட்டார்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல அண்ணே, அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, காருக்குக் கேட்டைத் திறக்கப் போனார்.