பத்மா அழிக்காத படங்கள்

வெள்ளிக்கிழமை காலை ஸ்டுடியோவைத் திறந்து, பச்சைத் திரைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பத்மாவின் கணவர் போன் செய்தார். "பத்மா போயிட்டாண்ணா" என்றார். ஒரு வருடமாக டயாலிசிஸுக்குப் போய்வந்த உடம்பு. எதிர்பார்த்ததுதான். இருந்தும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கத் தோன்றாமல் துணியைப் பொசுக்கிவிட்டேன்.

ஒரகடத்தில் எங்களிடம் படம் எடுத்துக்கொண்ட உங்களில் பலர் பத்மாவைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் அவர். நான் பச்சைத் துணிக்கு முன் நிறுத்தி எடுப்பேன். அவர் பச்சையை நீக்கிவிட்டு, கேட்ட பின்னணியை வைப்பார். கடற்கரை, கோபுரம், கார். முடியோரம் ஒட்டியிருக்கும் பச்சைச் சாயலை இழை இழையாக எடுப்பார். காலடியில் நிழல் போடாமல் ஒரு படத்தையும் வெளியே விடமாட்டார். "நெழலு இல்லன்னா ஆளு நிக்கிற மாதிரி இருக்காதுண்ணா, தொங்குற மாதிரி இருக்கும்" என்பார்.

தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒருவருக்கு, அம்மாவின் பதினாறாம் நாளுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று அண்ணனும் தங்கைகளும் நின்று எடுத்த படத்தோடு வந்தார். "என்னையும் இதுல சேத்துருங்க" என்றார்.

"போயிருந்தா எங்க நின்னுருப்பீங்க?" என்று பத்மா கேட்டார்.

"அண்ணன் பக்கத்துல."

அந்தப் படத்தில் எல்லோர் முகத்திலும் வெயில். விளக்கொளியில் எடுத்தால் பொருந்தாது என்று துணியை மொட்டை மாடியில் கட்டச் சொன்னார் பத்மா. பிரிண்டை வாங்கிய மனிதர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அதன் பிறகுதான் எங்களுக்குள் மனஸ்தாபம் வந்தது. ஒரு கம்பெனிக்கு அடையாள அட்டைப் படங்களை நாங்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். அங்கிருந்து வந்த மேனேஜர், ஒப்பந்தத் தொழிலாளிகள் பன்னிரண்டு பேரைத் தனித்தனியே துணி முன்னால் நிறுத்தி எடுக்கச் சொன்னார். பின்னால் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு தெரிய வேண்டுமாம். அப்படி ஒரு வகுப்பே நடக்கவில்லை.

பத்மா முடியாது என்றார்.

"ஊருக்கே போகாத ஆள அண்ணன் பக்கத்துல நிக்க வெச்சியே, அது மட்டும் இன்னா?" என்றேன்.

"அவரு கேட்டாருண்ணா. இவங்களுக்கு, எங்க நிக்க வெக்கிறோம்னே தெரியாது. நாளைக்கு ஒருத்தன் கை போச்சுன்னா, சொல்லிக் குடுத்தோமே, இதோ போட்டோன்னுவாங்க."

வாதாட எனக்குத் தெம்பில்லை. நானே உட்கார்ந்து செய்து கொடுத்தேன். பச்சைத் துணியோடு இருக்கும் ஒரிஜினல்களை அழித்துவிடு என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் அடுத்த வேலையைத் திறந்தார்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர், கட்டுப்போட்ட கையோடு வந்தார். பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போயிருந்தது. பயிற்சி கொடுத்தும் அஜாக்கிரதையாக இருந்தார் என்று சொல்லி நஷ்டஈடு மறுத்திருந்தார்கள். அதற்கு ஆதாரம், நான் செய்த படம்.

"அன்னிக்குப் பச்சத் துணி முன்னாடி எடுத்தீங்களே சார், அத இன்னும் வெச்சினுகீறீங்களா?" என்றார்.

அழித்தாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பத்மா உள்ளேயிருந்து ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பன்னிரண்டு படங்களும் அதில் இருந்தன. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

படம் மட்டும் போதாது, எடுத்தவர் எழுதித் தரவேண்டும் என்றார் அந்தத் தொழிலாளியின் வக்கீல். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு எழுதிக் கொடுத்தேன். அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. கம்பெனி வேலை எங்களைவிட்டுப் போனது. ஸ்டுடியோ அதற்குப் பிறகு பழையபடி நிமிரவில்லை. சீக்கிரமே பத்மாவின் உடம்பும் விழுந்தது.

எத்தனையோ ஆயிரம் முகங்களை இருவரும் சேர்ந்து அனுப்பியிருக்கிறோம். பெரும்பாலும் மறந்துபோயின. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, "இந்தப் படத்தின் பின்னணியை மாற்றியவன் நான்" என்று வக்கீலுக்கு எழுதி அடியில் போட்ட என் கையெழுத்து. அதைப் போடும்படி அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.