கிளி லாட்ஜில் மயில்

எங்கள் தஞ்சாவூரில் முதலாளி வைத்த பெயரில் எந்த லாட்ஜும் பிழைத்ததில்லை. ஊர் வைப்பதுதான் பெயர். வாசலில் ஓடாத கடிகாரம் தொங்கியதால் ஒன்று கடிகார லாட்ஜ் ஆயிற்று. கிளி லாட்ஜின் கதை இன்னும் விசேஷம். அந்த முதலாளி முருக பக்தர். போர்டில் மயில் வரையச் சொன்னார். பெயிண்டர் தலையிலிருந்து தாராளமாக ஆரம்பித்தார். கழுத்தும் வயிறும் வந்ததும் பலகை முடிந்துவிட்டது. தோகைக்கு இடமில்லை, டப்பாவில் மிச்சம் பச்சை மட்டும். அன்று முதல் அது கிளி.

மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தரங்கம்பாடியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கேதான் ரூம் போட்டேன். குளித்துக் கிளம்பி, ராகுகாலத்துக்குள் எங்கள் வீட்டில் தட்டு மாற்றியாக வேண்டும். பெரிய கிளிப் படம் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று போனில் வழி சொன்னதும் நான்தான். மாப்பிள்ளையின் அப்பா, பெண் பார்க்க வந்த அன்று கேசரியைக்கூடச் சிரிக்காமல் தின்றவர்.

பாதி முகம் சவரம் செய்திருந்தபோது அவரே கூப்பிட்டார்.

"சார், தெருவையே சுத்திச் சுத்தி வர்றோம். கிளியக் காணோம். இங்க மயில்தான் இருக்கு."

போன் கட்டானது. சம்பந்தமும் கட்டானதாகவே எனக்குத் தோன்றியது. மகளின் அழுகைகூடப் பரவாயில்லை, மனைவியின் பார்வையை நினைத்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பாய்ந்தேன். வழியிலிருந்த எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். சிக்னலில் போக்குவரத்துப் போலீஸ்காரரையும் சேர்த்துக் கும்பிட்டேன்; அவர் ஹெல்மெட் எங்கே என்று கேட்கவே மறந்துவிட்டார்.

லாட்ஜ் வாசலில் புத்தம்புது போர்டு. முதலாளியின் மகன் அப்பாவின் ஆசையை நிறைவேற்றிவிட்டான். விரித்த தோகையோடு பளபளவென்று ஒரு மயில்! அதன் கீழே வேன், சீர்த்தட்டுகள், கைகட்டி நின்ற மாப்பிள்ளையின் அப்பா.

மூச்சு வாங்க பெயிண்டர், பலகை, பச்சை எல்லாவற்றையும் கொட்டினேன். உள்ளிருந்த மேனேஜர், ஆமாங்க, இதுதான் கிளி லாட்ஜ் என்று தலையாட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா மயிலைப் பார்த்தார். என் முகத்தில் பாதி அப்பியிருந்த சோப்பு நுரையைப் பார்த்தார். அதுவரை என்னை சார் என்று மட்டுமே கூப்பிட்டவர். தட்டு மாற்றும்வரை வேறெப்படியும் கூப்பிடமாட்டாராம்.

"கிளின்னு சொல்லிட்டு மயிலக் காட்டுறீங்க. பொண்ணாவது நாங்க பாத்துட்டுப் போன அதே பொண்ணுதானே, சம்பந்தி?"

"அதே பொண்ணுதாங்க, சம்பந்தி."

வாயைத் திறந்ததில் நுரை உள்ளே போய்விட்டது. இனிப்பாகத்தான் இருந்தது.