மஞ்சள் துண்டுக்காரி யார்?

அன்றைக்கு அண்ணன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் இருந்தவர்கள் ஆறு பேர். அண்ணன், அண்ணி, என் வீட்டுக்காரர், நான், பழைய பாட்டுகளின் கதையைக் கேட்டு வீடியோ எடுத்துப் போடுகிற கொழும்புப் பிள்ளை ஒருத்தி, பிறகு அந்தப் பாட்டைக் கட்டிப் பாடியவர். பக்கத்து லயத்து வீட்டுச் சனமும் எட்டிப் பார்த்ததுதான். ஆனால் பாட்டுக்காரர் வாயைத் திறக்கும் நேரம் மழை பிடித்துக்கொண்டது, காய்கிற துணியை எடுக்க எல்லோரும் ஓடிவிட்டார்கள். அதனால் அவர்களை நான் சேர்க்கவில்லை.

எங்களுக்கு டவுன் என்றால் எஹலியகொடதான். ஒரு காலத்தில் அங்கே பஸ் ஏறினால் அந்தப் பாட்டைக் கேட்காமல் இறங்க முடியாது. ‘மஞ்சத் துண்டுக்காரி, மறுபடி ஒருக்கா திரும்பிப் பாரு’ என்று தொடங்கும். கசெட்டில் வந்த பாட்டு. கல்யாண வீட்டில் அதுதான், திருவிழாக் கடையில் அதுதான். யாரோ சிங்களத்திலும் மாற்றிப் பாடி, கொண்டக்டர்மார் டிக்கட் கிழித்துக்கொண்டே அதை முணுமுணுப்பார்கள். பாடியவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். பாட்டு ஓடியதும் லொறியை விட்டுவிட்டு எம்பிலிப்பிட்டியவில் கசெட் கடை போட்டார். இப்போது அது போன் கடையாம்.

லொறி எங்கள் தோட்டத்து லொறி என்றால் துண்டுக்காரியும் எங்கள் தோட்டத்துக்காரியாகத்தான் இருக்கவேண்டும். அந்த வருசம் கொழுந்து மலையில் தலைக்கு மஞ்சள் துண்டு கட்டினவர்கள் இரண்டே பேர். தீபாவளிக்கு அண்ணன் ஒரே துணியை வாங்கி இரண்டாகக் கிழித்து, புதுப் பெண்சாதிக்கு ஒன்றும் தங்கச்சிக்கு ஒன்றும் கொடுத்தார். கிழித்ததில் அண்ணியின் துண்டு அரைச் சாண் நீளம். அளந்து பார்த்தேன்.

தோட்டம் அண்ணிதான் என்று முடிவு கட்டிவிட்டது. அண்ணி நல்ல நிறம், நல்ல உயரம். “என்னா மஞ்சத்துண்டு, கூடை நெறஞ்சிருச்சா?” என்று ஆம்பிளைகள் கேட்டால் சிரிப்பாரே தவிர, ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். ஒரு தடவை இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

நான் நினைத்தது வேறு. லொறி வளைவில் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டு என்னைப் பற்றியதுதான் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். கல்யாணம் ஆன பிறகு ரேடியோவில் அது வந்தால், முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போய்விடுவேன். தண்ணீர் நிறைந்திருந்தாலும் போவேன்.

பாட்டுக்காரரை வீடியோப் பிள்ளை கூட்டி வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி என்று சொல்லிவிட்டால் இத்தனை வருசம் நான் வைத்திருந்தது போய்விடும். நான் என்று சொல்லிவிட்டாலோ, பக்கத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். பேரப் பிள்ளை எடுத்த வயதில் இது என்ன மானக்கேடு! எதைச் சொன்னாலும் எனக்குத்தான் கெடுதி. ஆனாலும் தலைக்குக் குளித்து நல்ல சேலையாகத்தான் கட்டிக்கொண்டு போனேன்.

போனால் அண்ணி மஞ்சள் சேலையில் நிற்கிறார்.

“என்னா அண்ணி, கோயிலுக்கா?”

“கைக்கு அம்புட்டது இதுதான் புள்ள.”

மடிப்புக் கலையாத சேலை கைக்கு அம்பிட்டதாம்.

அண்ணனுக்கு ஒரே கொண்டாட்டம். “பாட்டுல எனக்கும் பங்கு இருக்கு பாருங்க. துண்டு வாங்கிக் குடுத்தது யாரு?” என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னார்.

“அப்ப என் பொஞ்சாதிக்கும் நீங்கதானே மச்சான் வாங்கிக் குடுத்தீங்க?” என்றார் என் வீட்டுக்காரர். “எதுக்கும் ரெண்டு பேரையும் வீடியோவுல போடச் சொல்லுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்டுக்காரர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “அது ஒரு ஞாயித்துக்கெழம. கைக்காசு நாள்.”

ஞாயிற்றுக்கிழமை பேர், அதாவது நாள் சம்பளம், போடமாட்டார்கள். கிள்ளுகிற கொழுந்தைக் கணக்கப்பிள்ளை நிறுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே காசாகக் கொடுப்பார்கள். அதுதான் கைக்காசு.

“கணக்கப்புள்ள ஒரு கூடையில ஈரம்னு மூணு கிலோவ வெட்டிட்டாரு. அன்னைக்கு ஒரு பொட்டு மழ இல்ல. எல்லாரும் வெறுங்கூடையோட எறங்கிப் போறாங்க. ஒரு மஞ்சத்துண்டு மட்டும் பாதி வழி போயிட்டுத் திரும்புச்சு. நேரா தராசுக்கிட்ட வந்து, ‘எங்கயா தண்ணி? புழிஞ்சு காட்டுங்க. ஒரு சொட்டு வந்தாலும் மொத்தக் கொழுந்தையும் நீங்களே வச்சுக்கங்க’ன்னு கேட்டுச்சு. மனுசனுக்கு மொகம் செத்துப்போச்சு. நான் லொறியில சாஞ்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். காதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. அந்தத் திரும்புன திரும்புதான் பாட்டு.”

“யாரு ஐயா அது?” என்றாள் வீடியோப் பிள்ளை.

அவர் கை அண்ணி பக்கம் நீண்டது. “இவங்கதான். அவங்க கொழுந்துக்கு அவங்க நியாயம் கேட்டாங்க.”

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் தப்பு. அது என் கொழுந்து.

வெட்டியது என் கூடையில்தான். நான் வாய் திறக்கவில்லை. கேட்டால் மறுநாள் செங்குத்தான மலைக்கு அனுப்புவார், அரைப்பேர் போடுவார், அப்பாவை ஏசுவார் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். பாதி வழியில் அண்ணி, “ஏன் புள்ள மூக்க உறியிற?” என்று கேட்டார். சொன்னேன். தன் கூடையை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் இரண்டு கூடையையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். லொறிப் பக்கம் பார்க்கக்கூடப் பயம். பாட்டுக்காரர் என்னைக் கண்டிருந்தால் முதுகைத்தான் கண்டிருப்பார்.

வீடியோப் பிள்ளை போனை அண்ணி முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். “நெனப்பிருக்கா அம்மா?”

அண்ணி என்னை ஒரு தடவை பார்த்தார். யாருடைய கொழுந்து என்று இப்போது சொல்வார் என்று நினைத்தேன்.

“இல்லாமயா? மூணு கிலோன்னா சும்மாவா?” என்றார். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “இந்தா, நீயும் அன்னைக்கு அங்க இருந்தியா?”

“இருந்தேங்க.”

“நீ திரும்பலயா?”

“நான் கூடையப் புடிச்சிக்கிட்டு நின்னேன்.”

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். பாட்டுக்காரர்தான் அதிகம் சிரித்தார்.

வீடியோ வந்துவிட்டது. இரத்தினபுரியிலிருந்தும் கித்துல்கலயிலிருந்தும் சொந்தக்காரர்கள் அண்ணிக்குப் போன் எடுக்கிறார்கள். டவுனில் புடவைக் கடைக்காரர் உட்காரக் கதிரை போட்டாராம். வீடியோவில் நான் ஒரே ஒரு இடத்தில் வருகிறேன், தேத்தண்ணித் தட்டோடு, தலை இல்லாமல். மகள் வேலைக்குப் போன பிறகு அவள் பழைய போனில் அதைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு நானே வாய் திறந்து கேட்டிருந்தால் என்று நினைக்கத் தொடங்கினால் கையில் எடுத்த வேலை ஓடுவதில்லை. அதனால் அதை நினைப்பதில்லை, காசை நினைக்கிறேன்.

அன்றைக்குக் கணக்கப்பிள்ளை வெட்டின மூன்று கிலோவைத் திருப்பி எழுதினார். ஆனால் சண்டை போட்டது அண்ணி என்பதால் கணக்குப் புத்தகத்தில் அண்ணியின் நம்பரில் எழுதிவிட்டார். சாயங்காலம் காசு அண்ணியின் கைக்குப் போனது. சேலைத் தலைப்பில் முடிந்ததை என் கண்ணால் பார்த்தேன். தருவார் என்று வீடு வரைக்கும் பக்கத்திலேயே நடந்தேன். தரவில்லை. எனக்காகப் போய்ச் சண்டை போட்டவரிடம் எப்படிக் கேட்பது?

இப்போது கேட்டாலும் சிரிப்பார்கள். பாட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். கிலோவுக்கு எண்பது சதம், மூன்று கிலோ. அண்ணி எனக்குத் தரவேண்டியது இரண்டு ரூபாய் நாற்பது சதம்.