கவிஷ்காவின் ரெட்டைப் பின்னல்

ஜெயரூபனுக்குத் தலை பின்னத் தெரியும் என்பது அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதென்று எண்ணுமாம். பசறைக்கு மேலே, வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்தில் குடியிருந்த இந்தப் பூனைக்கு முறுக்கிவிட்ட மீசை வேறு இருந்தது.

அவனுக்குப் பெக்டரியில் ராத்திரி வேலை. கொழுந்து வாட்டும் தட்டுகளோடு விடியவிடியக் கிடந்துவிட்டு அவன் வீட்டுக்கு வரும்போது, மனைவி விஜயலெட்சுமி பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். பெரட்டில் ஆளைக் கணக்கெடுத்து, கொழுந்து பறிக்க மலை பிரித்துக் கொடுப்பார்கள். பிந்திப் போனால் கங்காணி வாய்க்கு வந்ததைப் பேசுவார். அதனால் புருஷனும் பெண்சாதியும் வாசற்படியில்தான் சந்தித்துக்கொள்வார்கள். அவள் இடுப்பிலிருந்து சின்னவன் இவன் தோளுக்கு மாறுவான். “ரொட்டி இருக்கு, பால் ஆத்தி வச்சிருக்கேன், அவன் காலையிலேயே ரெண்டுக்குப் போயிட்டான்” என்று சொல்லிக்கொண்டே அவள் படியிறங்கிவிடுவாள்.

அப்புறம் பிள்ளைகள் இவன் பாடு. சின்னவனுக்கு நடை பழகிய புதுசு. தேத்தண்ணியில் ரொட்டியை நனைத்து ஊட்டினால், பாதி வாய்க்குள் போகும், பாதி ஜெயரூபனின் சட்டைக்குப் போகும். செருப்பில் ஒன்றைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வந்து உட்கார்ந்துகொள்வான். மூத்தவள் கவிஷ்கா முன்பள்ளிக்குப் போகிறவள். அவளுக்கு வாய் ஓயாது. தகப்பன் தூக்கத்தில் சாயச்சாய, ராத்திரி கண்ட கனவை முதலிலிருந்து சொல்லுவாள். நடுவில் ஒரு தரம் ‘உம்’ கொட்டத் தவறினால் போதும், மறுபடியும் முதலிலிருந்து.

எல்லாவற்றிலும் பெரிய வேலை அவளுடைய தலைமுடி. பிறந்த நேரத்தில் பிள்ளை பிழைக்குமா என்றிருந்தது. பிழைத்தால் கதிர்காமத்தில் முடி இறக்குகிறோம் என்று விஜயலெட்சுமி நேர்ந்துகொண்டாள். வருசாவருசம் ஏதோவொரு தடங்கல் வந்து, கதிர்காமம் தள்ளிப்போக, முடி மட்டும் முதுகு தாண்டி வளர்ந்துவிட்டது. ஆரம்பத்தில் அதைத் தொடவே ஜெயரூபனுக்குப் பயமாக இருந்தது. சிக்கெடுத்தால் அவள் அழுவாள், அவள் அழுவதைப் பார்த்துச் சின்னவனும் அழுவான். கடைசியில் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு பக்கத்து முடியையும் மூன்றாகப் பிரித்து, ஒன்று பதுளை ரயில், ஒன்று லுணுகலை பஸ், மற்றது கொழுந்து லொறி என்று பெயர் வைத்தான். “ஹாலிஎல கடவையில ரயில் வருது, பஸ்ஸே நில்லு! ரயில் போயிருச்சு, இப்ப லொறி போகலாம்!” என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போடுவான். அவள் ஹோர்ன் அடிப்பாள். சின்னவன் கை தட்டுவான். உச்சி வகிடு நூல் பிடித்தது போல இருக்கும். சிவப்பு ரிப்பன் கட்டி முடித்து, பின்னால் தள்ளி நின்று பார்க்கும்போது அவனுக்கு வரும் சந்தோஷம் பெக்டரியில் ஒருநாளும் வந்ததில்லை.

ஆனால் இத்தனையும் கதவைச் சாத்திக்கொண்டுதான். லயத்தில் வீட்டுக்கு வீடு பிரிக்கும் சுவர் கூரைவரை போவதில்லை. மேலே இருந்த அந்த இடைவெளியையும் உரச்சாக்குகளைத் தைத்து அவன் அடைத்துவிட்டான். பக்கத்து வீட்டு அடுப்புப் புகை வராமலிருக்க என்று விஜயலெட்சுமியிடம் சொன்னான். அவள் ஒரு தினுசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவனோடு வேலை செய்யும் ரமேஸ், மனைவி பிள்ளை பெற்றிருந்த சமயம், லயமே தண்ணீர் பிடிக்கும் பீலியில் நின்று அவளுடைய சேலையை அலசினான். அதைப் பார்த்த ஒருவன் பெக்டரிக்குப் போய் ‘சீலை ரமேஸ்’ என்று பேர் வைத்தான். தோட்டத்தில் பட்டப்பேர் ஒட்டினால் ஒட்டினதுதான். செத்தால்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் தப்படிப்பார்கள். இன்றைக்கு ரமேஸின் மகனையும் ‘சீலை ரமேஸ் மகன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேரை வைத்த புண்ணியவான் நம்முடைய ஜெயரூபன்தான். தான் வெட்டிய குழி எவ்வளவு ஆழம் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

சிறுவர் தினம் வந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு, அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடத்துக்கு முன்னால், பந்தல் போட்டு முன்பள்ளிப் பிள்ளைகளை ஆடவைத்தார்கள். தேத்தண்ணி நேரத்தில் மலையிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். பெக்டரி ஆட்களும் வந்து ஓரமாக நின்றார்கள். சங்கத் தலைவர் கணபதிக்கு முன்வரிசையில் நாற்காலி. ஜெயரூபன் அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கவிஷ்கா ஆடி முடித்து மூச்சு வாங்க நின்றாள். முன்பள்ளியை நடத்தும் தயானி டீச்சர் மைக்கை அவளிடம் நீட்டி, “பின்னல் எவ்வளவு வடிவா இருக்கு! யாரும்மா பின்னிவிட்டது?” என்று கேட்டாள்.

“எங்க அப்பா!” என்றாள் கவிஷ்கா. மைக் என்றால் பிள்ளைக்குக் குஷி. “அப்பாதான் தெனமும் பின்னும்! அம்மா பின்னுனா கோணும்!”

பந்தல் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. கணபதி நாற்காலியில் திரும்பினார்.

“என்னடா ஜெயரூபா, பெக்டரிய விட்டுட்டு சலூன் போட்டுட்டியா?”

ஜெயரூபனின் முகம் சுட்டது. சிரிக்கிறவர்கள் நடுவே ரமேஸின் முகம் தெரிந்தது. இதோ வருகிறது பட்டப்பேர், சாகும்வரை போகாது என்று நினைத்தான். அவன் வாய் தன்பாட்டில் திறந்தது.

“அவ பொய் சொல்றா தலைவரே. சின்னப் புள்ளதானே. அவ அம்மாதான் பின்னுவா.”

“இல்ல, அப்பாதான்!” என்றாள் கவிஷ்கா மைக்கில்.

“எங்க, அப்ப புள்ள தலையில கைய வச்சுச் சொல்லு பாப்பம்” என்றார் கணபதி. அவர் பகிடிக்குத்தான் சொன்னார். பகிடி என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவன் மட்டும் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. ஜெயரூபன் விறுவிறுவென்று முன்னால் போனான். எண்ணெய் மினுங்கும் அந்த வகிட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

“சத்தியமா நான் பின்னல. இவ அம்மாதான். சொல்லு கவி, அம்மாதானே? பொய் சொன்னா வாய்க்குள்ள மொளகாத் தூள் வச்சுருவேன், வெளங்குதா?”

கவிஷ்கா அண்ணாந்து அவனைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். மைக்குக்குள் மெதுவாக, “அம்மாதான்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. இப்போதாவது சிரித்துத் தொலையுங்களேன் என்று அவனுக்கு இருந்தது. பெண்கள் பக்கம் விஜயலெட்சுமி வெற்றுக் கூடையோடு நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்துதான் அவள் வாயைத் திறந்தாள். “கதிர்காமத்துக்கு நேந்த தல. அதுல கைய வச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டீங்க. புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

சின்னவனைத் தூக்கிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவன் வழக்கம்போலக் கதவைச் சாத்திச் சீப்பை எடுத்தான். கவிஷ்கா மூலைக்குப் போய் நின்றுகொண்டாள்.

“வா கண்ணு. ரயிலுக்கு நேரமாச்சு.”

“அம்மாதானே பின்னுவாங்க” என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

அன்றைக்கு அவிழ்ந்த தலையோடு முன்பள்ளிக்குப் போனாள். அடுத்த நாளிலிருந்து விஜயலெட்சுமி பெரட்டுக்கு முன்னால் பிள்ளையை இருட்டோடு எழுப்பி, அவசர அவசரமாக இரண்டு பின்னல் போட்டாள். அது கோணத்தான் செய்தது. சிக்கில் சீப்பு மாட்டும்போது பிள்ளை அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கனவு சொல்வதும் நின்றுபோயிற்று. விடியற்காலைக் குளிரில் அவளுக்குத் தடிமன் பிடித்தது. அவள் தும்மும்போதெல்லாம் விஜயலெட்சுமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒவ்வொரு தும்மலும் ஜெயரூபனின் பிடரியில் அறைந்தது. பகலில் படுத்தால் தூக்கம் வரவில்லை. உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருப்பது போலிருந்தது. எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து படுத்தான்.

ஒரு மத்தியானம் முன்பள்ளியிலிருந்து அவளைக் கூட்டிவரப் போனான். கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே உள்ளேயிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டது. “பொய்க்காரி! பொய்க்காரி!” கவிஷ்கா ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் வாயாலேயே அத்தனை பேரையும் விரட்டியிருப்பாள். டீச்சர் ஓடிவந்து பிள்ளைகளை அதட்டினாள். பிறகு ஜெயரூபனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எதற்குக் குனிய வேண்டும்? குனிய வேண்டியவன் இவனல்லவா?

திரும்பி வரும்போது லயத்து வாசலில் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கவிஷ்காவை உள்ளே போகவிட்டு, “தம்பி, கொஞ்சம் நில்லு” என்றார்.

“ரயில் ஏன் இப்பல்லாம் ஹாலிஎலக்கு வர்றதே இல்ல?”

ஜெயரூபனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தரை நழுவியது.

“அக்கா, ஒங்களுக்கு...”

“எனக்கு மட்டுமா? இந்த லயத்துல யாருக்குத் தெரியாது? நீ சாக்கு வச்சு அடச்சா சத்தம் நின்னுருமா? ஒங்க ஹோர்ன் கேட்டுத்தான் நான் அடுப்பே மூட்டுவேன். தலைவர் வீட்டுக்காரி ‘அந்தப் புள்ள ஜெயரூபனப் பாத்துப் படிங்க’ன்னு அவரப் போட்டுத் திட்டாத நாளில்ல. அந்த வயித்தெரிச்சல்லதான் மனுசன் அன்னைக்கு ஒன்னயச் சீண்டுனாரு.”

“அப்ப எல்லாரும் சிரிச்சது...”

“சந்தோசத்துல சிரிச்சோம்டா. எங்க காதுல கேட்டத புள்ள வாயால சொன்னுச்சேன்னு சிரிச்சோம்.” அக்கா கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். “நீ என்ன பண்ணுன? அத்தன பேருக்கும் தெரிஞ்ச உண்மைய அந்தப் பச்ச மண்ணு ஒன்னுதான் தைரியமாச் சொன்னுச்சு. அதப் புடிச்சுப் பொய்க்காரி ஆக்கிப்புட்ட.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, மறைத்த பழியையும் பெற்ற பிள்ளையின் தலையில் வைத்தவன் இவன். பட்டப்பேருக்குப் பயந்து செய்ததற்கு, பட்டப்பேர் யாருக்குக் கிடைத்தது? அவன் வீட்டுக்குள் போகாமல் பீலிக்குப் போய் முகத்தைக் கழுவினான். கழுவக் கழுவ முகம் எரிந்தது.

அடுத்த நாள் காலையில் அவன் பெக்டரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தான். பெரட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. விஜயலெட்சுமியின் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டு, தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தான். வீட்டு முன்விறாந்தை அது. லயத்துப் பாதை முழுக்கத் தெரியும் இடம். பெரட்டுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

“கவி, இங்க வா” என்று உரக்கக் கூப்பிட்டான்.

அவள் வாசலுக்கு வந்து, பாதையைப் பார்த்து, அவனைப் பார்த்து, “இங்கயா?” என்றாள்.

“இங்கதான்.”

விஜயலெட்சுமி சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள். கவிஷ்கா வந்து அவன் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். முதுகு விறைத்திருந்தது. அவன் வகிடு எடுத்தான், ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்தான். ரயிலையும் பஸ்ஸையும் கூப்பிட வாய் வரவில்லை. ஆட்கள் கடந்து போனார்கள். ராத்திரி வேலை முடிந்து வந்த ரமேஸும் கடந்து போனான். ஜெயரூபன் தலை நிமிரவில்லை. பிறகு கணபதி வந்தார், நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். அவர் முகத்தில் பகிடி இல்லை. பிள்ளையைச் சமாதானப்படுத்தத்தான் கேட்டார்.

“அடேயப்பா! யாரு தங்கம் ஒனக்குப் பின்னிவிடுறது?”

தகப்பனின் இரண்டு கையும் அவள் முடிக்குள் இருந்தன. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. கவிஷ்கா கணபதியை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“அம்மாதான்.”

அவள் பயத்தில் சொல்லவில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பாவுக்கு வெட்கமாயிருக்கும் என்று அப்பாவைக் காப்பாற்றச் சொன்னாள். ஐந்து வயது முடியாத பிள்ளை, தன் பேர் கெட்டது போதாதென்று, அவன் மானத்தையும் சேர்த்துச் சுமந்தது. ஜெயரூபனுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“இல்ல தலைவரே” என்றான். குரல் உடைந்தது. அது பாதை முழுக்கக் கேட்கட்டும் என்று மறுபடி சொன்னான். “நான்தான் பின்னுறேன். தெனமும் நான்தான். அன்னைக்கு இவ சொன்னது உண்ம. பொய் சொன்னவன் நான். ரமேஸ், ஒனக்குப் பேரு வச்ச நாயும் நான்தான்.”

ரமேஸ் திரும்பிப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தான். கணபதி செருமிக்கொண்டு, நேரமாகிறது என்று எல்லாரையும் கிளப்பினார். விஜயலெட்சுமி சின்னவனைத் தரையில் இறக்கிவிட்டுக் கூடையை எடுத்தாள். போகிற போக்கில் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கவிஷ்கா அசையாமல் இருந்தாள். அவனுடைய கண்ணீர் அவள் வகிட்டில் விழுந்தது, முடி நழுவியது. தலையைத் திருப்பாமலே அவள் சொன்னாள்:

“அழாதப்பா. லொறி நிக்குது பாரு, பஸ்ஸ மொதல்ல விடு.”